வெள்ளை நூல்

பூட்டில் குறையில்லை.
முத்திரை எண்ணை உரக்கப் படித்தேன்.
பெய்ரா துறைமுகத்தில் எழுதி அனுப்பிய
அதே ஏழு இலக்கம்.
துப்பாக்கிச் சிப்பாய் தலையசைத்தான்.
ஓட்டுநர் அதெரித்து, முழங்கால்வரை சேறு,
சக்கரத்தில் சாய்ந்தபடியே தூங்கிப்போனான்.
அறுநூறு மூட்டை சோளமாவு.
ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

புயல் பாதிக் கூரையைப் பிய்த்துப்போன
பள்ளிக்கூடம்தான் கிடங்கு.
கரும்பலகையில் இன்னும்
மூன்றாம் வகுப்பின் வகுத்தல் கணக்கு,
மீதி போடாமல்.

பதினோரு ஆண்டு
பருத்திக் கொள்முதல் தராசடியில் நின்றவள் நான்.
மூட்டையின் காதைப் பிடித்துத் தூக்கியதும்
தோள் கேட்டது:
இதில் ஐம்பது கிலோ எங்கே?

அப்புறம்தான் வாயைப் பார்த்தேன்.
ஆலையின் தையல் பச்சை நூல்,
நெருக்கமாய், எறும்பு வரிசைபோல.
இது வெள்ளை. அகலத் தையல்.
இருட்டில், அவசரத்தில்,
ஆனால் பழகிய கை.

தராசைத் தொங்கவிட்டேன்.
நாற்பத்து மூன்று.
அடுத்தது, நாற்பத்து மூன்று.
திருடனுக்கும் ஒரு நேர்மை இருந்தது,
எல்லா மூட்டையிலும் ஏழே கிலோ.

"வழியில் எங்கே நின்றீர்கள்?"
அதெரித்து கண்ணைக் கசக்கினான்.
"எங்கும் இல்லையம்மா.
கொள்ளைக்காரர் பயம் என்று
ஓரிரவு காவல் கிடங்கில் நிறுத்தச் சொன்னார்கள்.
சுற்றிலும் முள்கம்பி, நாய்கள்.
நாங்கள் வாசல் பக்கம் படுத்திருந்தோம்."
முத்திரை?
"காலையில் அவர்களே காட்டினார்கள்,
புத்தம் புதிதாய் மின்னியது."

மேலாளர் பெலார்மினோ சொன்னார்:
"ஈரம் காய்ந்திருக்கும், சுல்மிரா."
இந்த வெள்ளத்தில்
வேறு எதுதான் காய்ந்தது ஐயா?
என் பாய் காயவில்லை.
பூசி ஆற்றங்கரையில் புதைத்த மண்கூட
இன்னும் காயவில்லை.

"படிவத்தில் எடைக்குக் கட்டமே இல்லை" என்றார்.
இல்லைதான்.
அளவுகோலை வைத்து ஒன்று கிழித்தேன்.
கோடு கொஞ்சம் கோணல்.
நாலாயிரத்து இருநூறு கிலோ குறைவு.
வீட்டுக்குப் பன்னிரண்டு என்றால்
முந்நூற்றைம்பது வீட்டு அடுப்பு.

கோணல் கோட்டுக்கு வேலை நடந்தது.
மறுநாள் விசாரணை.
விசாரணை என்றால் கதவு அடைப்பு.
வெளியே வரிசை அசையாமல் நின்றது,
பேசின், வாளி, ஒரு குழந்தையின் தொப்பிகூட
பாத்திரமாய்.

ஃபெலிசார்தா சன்னல் கம்பியைப் பிடித்தாள்.
மூன்று நாள் மரத்தின்மேல் இருந்தவள்.
"நாற்பத்து மூன்று உள்ளே இருக்கிறதா?"
இருக்கிறது.
"ஏழு போய்விட்டதா?"
போய்விட்டது.
"அப்போ போனதற்காக
இருப்பதையும் ஏன் பூட்டினாய்?
உன் கட்டத்தை வேகவைத்தால்
எத்தனை பேர் தின்னலாம்?"

என்னிடம் பதில் இல்லை.
சாவி பெலார்மினோவிடம் இருந்தது,
பெலார்மினோ கூட்டத்தில் இருந்தார்.
கூரையில்லாத வகுப்பின் சுவர் ஏறி
நானும் அதெரித்துவும் உள்ளே குதித்தோம்.
சிப்பாய் வேறு பக்கம் பார்த்தான்,
அன்று அவன் செய்த காவல் அதுதான்.

தராசை முந்திரி மரத்தில் கட்டினேன்.
ஒவ்வொருத்தர் எடையையும் உரக்கக் கத்தினேன்,
வரிசையின் கடைசிவரை கேட்கும்படி.
வரிசை திருப்பிச் சொன்னது.
பன்னிரண்டு! பன்னிரண்டு!
மாவு தீர்ந்தபோது
இருட்டிவிட்டது.
ஆள் இன்னும் நின்றார்கள்.
அவர்களை நான் எண்ணவில்லை.

சுவரேறியதற்கு எனக்கு மூன்று நாள் சம்பளம் போனது.
காவல் கிடங்குக்கு
இன்னொரு நாய் வந்ததாம்.

அடுத்த லாரி வந்தது.
பச்சை நூல். ஐம்பது.
அதற்கடுத்தது இன்னும் வரவில்லை.

பிரித்த வெள்ளை நூல் ஒரு பந்தளவு சேர்ந்தது.
சாட்சியென்று வைத்திருந்தேன்,
கேட்டு யாரும் வரவில்லை.
நேற்று அதில்தான்
மகனின் கொசுவலைக் கிழிசலைத் தைத்தேன்.
இழுத்துப் பார்த்தேன்.
அறவே இல்லை.
நல்ல நூல்.